நாற்பத்தொன்றாம் இழையில் ஒரு முடிச்சு

ஆரணியில் ரோசம்மாளின் வேலையைப் புகழாத தறிக்காரர் இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவரும் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

பட்டுத் தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகளுக்குப் பாவு என்று பெயர். ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழையதின் நுனியோடு விரலால் பிணைத்தாக வேண்டும். நாலாயிரம், ஐயாயிரம் இழை. ரோசம்மாளின் தொழில் அது. தறி ஓடும்போது நடுவில் அறுந்த இழையைச் சேர்த்துக் கொடுப்பதும் அவர்தான். முதல் வேலையில் கூலி, இரண்டாவதில் பெயர். சேலையின் நடுவில் விழுகிற முடிச்சு வெளியே தெரிந்தால் பிணைத்தவளின் பெயர் கெட்டது. தெரியாவிட்டால் அவள் அங்கே வந்துபோனதற்கே சாட்சி கிடையாது. முப்பத்திரண்டு ஆண்டுகளாக ரோசம்மாள் இந்தச் சாட்சியில்லாத புகழில் சௌக்கியமாக இருந்துவந்தார்.

கொசப்பாளையத்தில் ஆறு தறி வைத்திருக்கும் லோகநாதன் மட்டும் அந்தச் சாட்சியைத் தேடிக்கொண்டே இருந்தார். தறியிலிருந்து இறங்கிய சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மறுபடி இறக்கி, விரலால் தடவிப் பார்ப்பார். இருபது வருடமாக இது நடக்கிறது.

“இன்னா ரோசம்மா, இங்க ஒண்ணு கீதே?”

“அது உங்க கண்ணுல கீது, ண்ணா. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்து பாருங்க.”

“இந்தத் தபா தப்பிச்சிட்ட. என்னைக்காவது ஒரு முடிச்சு மாட்டும். அன்னைக்கு ஊரக் கூட்டி காட்றேன்.”

“காட்டுங்க. டீ செலவு என்னுது.”

இந்தத் தொழிலுக்கென்று ஒரு மரியாதை உண்டு. பிணைப்பவர் எழுந்து கிளம்பும்போது தறிக்காரர், “ஏதாவது அறுந்துச்சா?” என்று கேட்பார். “ஒண்ணும் இல்ல” என்று சொல்ல வேண்டும். நாலாயிரம் இழையில் ஏழெட்டாவது அறுந்திருக்கும் என்பது கேட்பவருக்கும் தெரியும், சொல்பவருக்கும் தெரியும். சௌக்கியமா என்று வழியில் விசாரித்தவரை நிறுத்தி வைத்து மூட்டு வலியை விவரிப்பவர் எப்படியோ, அறுந்ததை எண்ணிச் சொல்லும் பிணைப்புக்காரியும் அப்படித்தான். தன் முடிச்சைத் தானே காட்டுகிறவளுக்குத் தொழில் தெரியாது என்று அர்த்தம். ரோசம்மாள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர். வருடத்துக்கு இருமுறையாவது மாதா கோயிலில் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். ஆனால் இந்த “ஒண்ணும் இல்ல”வை அவர் ஒருநாளும் சாமியாரிடம் சொன்னதில்லை. அது பொய்க் கணக்கில் வராது, தொழில் கணக்கில் வரும்.

இப்படிப்பட்டவரைப் பேராசிரியர் ஜினேந்திரன் தேடி வந்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அவர் வந்தவாசிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்தவர். புழுவோடு கூட்டைக் கொதிநீரில் போடும் தொழில் என்பதால் பட்டு உடுத்துவதில்லை. கல்யாணத்துக்கே பருத்தி வேட்டிதான். ஆனால் ஆரணிக்கு வெளியே உள்ள கல்லூரியில் இயற்பியல் கற்பிக்க வந்து பதினான்கு வருடம் ஆகிறது. பட்டைத் தொடாத மனிதர், தெருவுக்குத் தெரு பட்டு காயும் ஊரில் காலையும் மாலையும் ஸ்கூட்டரில் ஒதுங்கி ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தார்.

அவர் செய்துகொண்டிருந்தது ஒரு பெட்டி. நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒரு முழம். உள்ளே நூற்று இருபத்தெட்டுக் கம்பிகள், மூன்று மில்லிமீட்டருக்கு ஒன்றாக, நெய்யாமல் விட்ட பாவு மாதிரி இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். மேலும் கீழும் உலோக வலை, சுற்றிலும் ஆர்கான் வாயு, கம்பியில் ஆயிரத்து எண்ணூறு வோல்ட். வான்வெளியின் உயரத்தில் பிறந்து கூரையையும் நம்மையும் துளைத்துக்கொண்டு போகும் மியூவான் என்ற துகள் இந்தப் பெட்டியைக் கடந்தால், வாயுவில் ஒரு சின்னக் கலவரம் நடக்கும். அந்தக் கலவரம் எந்தக் கம்பிக்கு அருகில் நடந்ததோ அந்தக் கம்பியில் ஒரு துடிப்பு வரும். அவ்வளவுதான். எங்கே போனது என்பதை மட்டும் சொல்லும் பெட்டி. எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்பதெல்லாம் அதற்குப் பிறகு அறிஞர்கள் பல வருடம் உட்கார்ந்து சண்டை போட வேண்டிய விஷயம். எட்டுக் கல்லூரிகளில் எட்டுப் பெட்டிகள் தயாராகி, ஒரு பெரிய ஆய்வுக்கூடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவிருந்தன. ஏழு முடிந்துவிட்டன. எட்டாவது ஆரணியில் நின்றது.

நின்றதற்குக் காரணம் கம்பி. டங்ஸ்டன் மேல் தங்க முலாம். தலைமுடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத கனம். ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் மின்னும், திருப்பினால் காணாமல் போகும். மாணவர்கள் ஒரு கம்பி கட்டுவதற்குள் மூன்று கம்பி அறுத்தார்கள். ஆய்வுக்கூடத்தில் பற்றவைக்கும் வேலை பார்த்த ஆல்பின்தான், “எங்க பெரிம்மாவ கூட்டியாரட்டுமா சார்?” என்று கேட்டவன். ரோசம்மாளின் கணவர் சிங்கராயருக்குத் தம்பி மகன் அவன்; வயது இருபத்தொன்பது.

ஜினேந்திரன் நேரிலேயே வந்து விஷயத்தைச் சொன்னார். ரோசம்மாள் கம்பிச் சுருளை வாங்கி, ஒரு சாண் இழுத்து, விரலுக்கிடையில் உருட்டினார்.

“அசல் சரிகையா, சார்?”

“தங்கம் மேலாக்கத்தான். உள்ள டங்ஸ்டன். பல்பு இழை.”

“அப்ப இதுவும் நம்ம ஊர் சரிகைதான்.” பிறகு ஆல்பினைப் பார்த்து, “சார் பட்ட தொடமாட்டாராம். பட்டு தொட்ட கை மட்டும் வோணுமாம். ஏன்டா, நான் கை கழுவிகினு வரணுமா?” என்றார்.

கை கழுவித்தான் வர வேண்டியிருந்தது. கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு ஆகாது, தூசு ஆகாது, பிணைப்புக்காரர்கள் விரல் வழுக்காமல் இருக்கத் தொட்டுக்கொள்ளும் சாம்பல் கட்டாயம் ஆகாது. கையுறை போடச் சொன்னார்கள். “உறைய போட்டுகினு தொட்டா இழை எனக்கு இன்னா சொல்லும்?” என்று ரோசம்மாள் மறுத்துவிட்டார். கடைசியில் மூன்று முறை சோப்பு, ஒரு முறை ஸ்பிரிட், தலைக்குத் துணித் தொப்பி என்று உடன்பாடு ஏற்பட்டது. தொப்பியோடு ஆல்பின் எடுத்த படத்தைப் பார்த்து சிங்கராயர், “ஆப்பரேசன் பண்ற டாக்டரம்மா மாதிரி கீற” என்றார். ரோசம்மாள் அதை மறுக்கவில்லை.

வேலை என்னவோ அவருக்குச் சிரிப்பாக இருந்தது. கம்பியின் ஒரு முனையை ஆல்பின் சட்டத்தில் பற்றவைப்பான். ரோசம்மாள் அதைக் குறுக்கே இழுத்து, சட்டத்தில் உள்ள கோட்டின்மேல் அமர்த்தி, மறுமுனையில் ஐம்பது கிராம் எடைக்கல்லைத் தொங்கவிடுவார். ஆட்டம் நின்றதும் ஆல்பின் அந்த முனையையும் பற்றவைப்பான். பிறகு பேராசிரியர் வந்து அளப்பார். மறுபடியும் அளப்பார். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு கம்பி. ஒன்றரை நாளில் நாலாயிரம் இழை பிணைக்கிற கை மீதி நேரமெல்லாம் மடியில் கிடந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. முதுகுக்குச் சாய்வு வைத்த நாற்காலி. பதினொரு மணிக்கு டீ, வெளியே போய்க் குடித்துவிட்டு மறுபடி கை கழுவ வேண்டும், அது ஒன்றுதான் பேஜார்.

“இன்னா வேல அது?” என்று தெருவில் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன விளக்கத்தை எந்தப் பாடப்புத்தகத்திலும் சேர்க்கலாம். “மேலேர்ந்து கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு மழ மாதிரி பேஞ்சிகினே கீதாம். எந்தத் தூத்தல் எந்த இழையோரமா போச்சின்னு சொல்ற பொட்டி. நனையமாட்டோம், பயப்படாத.”

தினமும் மாலையில் ஜினேந்திரன் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். “இன்னிக்கு ஏதாவது அறுந்துச்சாங்க?”

“ஒண்ணும் இல்ல, சார்.”

அவர் மகிழ்ந்துபோய் ‘இல்லை’ என்று எழுதுவார். பொய் சொல்லாமை அவர் வீட்டில் நோன்பு. கேள்வி என்று ஒன்று கேட்டால் பதில் என்று ஒன்று வரும் என்று நம்பி வளர்ந்தவர்.

உண்மையில் ஒன்று அறுந்திருந்தது. நான்காம் நாள் டீக்கு முன்னால், நாற்பத்தொன்றாவது கம்பி. ஆல்பின் போன் பேச வெளியே போயிருந்தான். எடைக்கல் ஆட்டம் நிற்காமல் ஒரு சுற்றுச் சுற்றியது. கம்பி வலது முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி அறுந்து, கல் மேஜைமேல் விழுந்தது. அறுந்த கம்பியை முழுவதுமாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது விதி. அந்த விதி சுவரில் ஆங்கிலத்தில் ஒட்டியிருந்தது. ரோசம்மாளின் கைக்கோ வேறொரு விதி முப்பத்திரண்டு வருடமாகத் தெரியும். அவர் யோசிப்பதற்குள் இடது கை அறுந்த நுனியைப் பிடித்துவிட்டது, வலது கை சுருளிலிருந்து புது நுனியை எடுத்துவிட்டது. கம்பி பட்டு இல்லை, வில் மாதிரி எகிறியது. இரண்டு முறை நழுவிற்று, மூன்றாம் முறை விழுந்தது முடிச்சு. வாலைச் சின்னக் கத்தரியால் ஒட்ட நறுக்கி, நகத்தால் நீவிவிட்டு, கல்லை மறுபடி தொங்கவிட்டார். ஆல்பின் திரும்பி வந்தபோது கம்பி ஆடாமல் அசையாமல் நின்றது. அவன் பற்றவைத்தான். பேராசிரியர் அளந்தார். இழுவிசை சரியாக இருந்தது.

பதினோராம் நாள் கடைசிக் கம்பி கட்டியாயிற்று. பெட்டியை மூடி, வாயுவை விட்டு, மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். ஆயிரம், ஆயிரத்து இருநூறு. ஆயிரத்து நானூறில் மின்வழங்கி டக்கென்று அணைந்துகொண்டது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி அணைந்தது. கம்பிகள் பதினாறு பதினாறாக எட்டுக் கொத்து. மற்ற ஏழும் ஒழுங்காக இருந்தன. மூன்றாம் கொத்தில்தான், முப்பத்து மூன்றிலிருந்து நாற்பத்தெட்டுக்குள், எங்கோ மின்சாரம் கசிந்தது.

எறும்பை மிதிக்காமல் நடக்கிற மனிதர் பத்து நாள் வேட்டையாடினார். பெட்டியைத் திறந்து பூதக்கண்ணாடியால் பதினாறு கம்பியையும் முனையிலிருந்து முனைவரை பார்த்தார். தூசு தேடினார், துணிநார் தேடினார். முடிச்சைத் தேடவில்லை. இவ்வளவு மெல்லிய டங்ஸ்டன் கம்பியில் முடிச்சுப் போட முடியாது என்று அவரே வருடா வருடம் வகுப்பில் சொல்லிவந்தார். இல்லாத ஒன்றைத் தேடக் கூடாது என்பதும் அறிவியல்தான். எனவே கம்பி குற்றமற்றது என்று தீர்ப்பாகி, சந்தேகம் பற்றவைப்பின்மேல் போனது. ஆல்பின் பதினாறு கம்பியின் முப்பத்திரண்டு முனைகளையும் உருக்கி மறுபடி பற்றவைத்தான். மறுபடியும் ஆயிரத்து நானூறில் அணைந்தது.

பெட்டியை ஏற்றிப்போக அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. திங்கட்கிழமை பெட்டியில் உள்ள கம்பிகள் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டு, பெட்டி இல்லை என்று ஆய்வுக்கூடத்துக்கு எழுதிவிடுவது என்று ஜினேந்திரன் முடிவு செய்தார். யாரையும் திட்டவில்லை. அதுதான் ஆல்பினுக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை மத்தியானம் பெரியம்மா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். ரோசம்மாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார்.

“என் கைதான் பெரிம்மா கெட்ட கை. எல்லாத்தையும் வெட்டப் போறாரு.”

“எதுக்குடா வெட்டணும்? இன்னாதான் கோளாறாம்?”

“எங்கியோ ஒரு முள்ளு கீது. கரண்டு வழவழன்னு இருக்கற எடத்துல சும்மா இருக்கும். கூரா ஒண்ணு நீட்டிகினு இருந்தா அங்க கூடிடும், கசிய ஆரம்பிச்சிடும். என் பத்தவெப்புல எங்கியோ கூர் நிக்குதுன்னு சொல்றாரு.”

“எவ்ளோ பெரிய கூரு?”

“பெருசா வாணாம். பேன் குட்டி போட்ட ஈரு இருக்குதே, அதுல பாதி இருந்தாலே போதும்.”

ரோசம்மாளின் கையில் பூண்டுப் பல் அப்படியே நின்றது. எவ்வளவு ஒட்ட நறுக்கினாலும் முடிச்சுக்கு இரண்டு வால் உண்டு.

“இன்னா பெரிம்மா?”

“ஒண்ணும் இல்ல” என்றார். முப்பத்திரண்டு வருடப் பழக்கம்.

ஞாயிறு பூசையில் அவருக்கு மனம் நிற்கவில்லை. பட்டில் நல்ல முடிச்சு என்றால் இழையும் அதுவும் ஒன்று. இங்கே நல்ல முடிச்சே கோளாறு என்றால் அது என்ன ஊர் நியாயம்? இருந்தாலும் ஆல்பின் கெட்ட கை என்று பெயர் வாங்குகிறான், நூற்று இருபத்தேழு நல்ல இழைகள் குப்பைக்குப் போகின்றன. மத்தியானம் சாப்பாட்டில் கணவரிடம் சொன்னார். சிங்கராயர் அரிசி ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலன் பார்ப்பவர். அழுத்தம் ஏறுவதைத் தூரத்திலிருந்தே கவனிக்கத் தெரிந்தவர்.

“சொல்லிட்டா இன்னா ஆயிடும்? வேல போவும். போவட்டுமே.”

“வேல போனா போவுது. முடிச்ச காட்டணுமே.”

“காட்டேன்.”

“நீ இன்னா ஆளுய்யா! இத்தினி வருசத்துல யார்னா ஒருத்தரு என் முடிச்ச பாத்திருக்காங்களா? நீ பாத்திருக்கியா?”

“நான் உன்னையே சரியா பாத்ததில்லன்னு நீதான சொல்லுவ” என்றார் சிங்கராயர், ரசத்தை ஊற்றிக்கொண்டே. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “அந்தப் பையன் முகம் நல்லா இல்ல. அவ்ளோதான் நான் சொல்லுவேன்” என்றார்.

திங்கட்கிழமை காலை ரோசம்மாள் கல்லூரிக்குப் போனபோது பெட்டி திறந்து மேஜைமேல் இருந்தது. பக்கத்தில் வெட்டுக் கத்தரி. ஆல்பின் சுவரோரம் நின்றான். ஜினேந்திரன் கத்தரியை எடுத்து, கீழே வைத்து, மறுபடி எடுத்தார். பதினொரு நாள் வேலையை வெட்டுவது அவருக்கும் ஒரு வகையில் உயிர்க்கொலையாகவே தோன்றியிருக்க வேண்டும்.

“நில்லுங்க, சார்.”

அவர் நின்றார்.

“ஆல்பின் மேல தப்பில்ல. ஒண்ணு அறுந்துச்சி. நான் சேத்துட்டேன்.”

“எதை?”

“இழைய.”

ஜினேந்திரன் ஒரு கணம் விழித்தார். “சேர்க்க முடியாதுங்களே.”

ரோசம்மாள் மூன்று முறை சோப்பும் ஒரு முறை ஸ்பிரிட்டும் போட்டுக் கை கழுவி வந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டார். கம்பியைத் தொடாமலே விரலை மேலாக ஓட்டி, உதடு அசைய எண்ணி, நாற்பத்தொன்றில் நிறுத்தினார். அதன்பின் ஆள்காட்டி விரலின் நுனியைக் கம்பியின்மேல் வைத்து வலது பக்கமிருந்து மெல்ல நகர்த்தினார். ஒரு சாண் தூரத்தில் விரல் நின்றது.

“இதோ.”

பேராசிரியர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். “தெரியலையே.”

“தெரியக் கூடாது, சார். தெரிஞ்சா அது இன்னா முடிச்சு?”

இன்னும் பெரிய கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். இம்முறை தெரிந்தது. கம்பியைவிட ஒரு கம்பி அளவுக்கே அதிகக் கனம். அதில் படிந்தும் படியாமலும் இரண்டு வால்கள். நெடுநேரம் குனிந்தே இருந்தார். ரோசம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார். யாரோ தம் அலமாரியைத் திறந்து வைத்துப் பார்ப்பது போல அவருக்குக் கூச்சமாக இருந்தது.

நிமிர்ந்தவர் கோபமாகப் பேசவில்லை. “இதை எப்படிங்க போட்டீங்க?” என்றார். இரண்டு நிமிடம் அதைப் பற்றித்தான் விசாரித்தார். எத்தனை சுற்று, எந்த விரல், கம்பி எகிறவில்லையா என்றெல்லாம். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது.

“தினமும் கேட்டேனே, அறுந்துச்சான்னு. ஒண்ணும் இல்லைன்னு சொன்னீங்களே.”

“சார், எந்தத் தறிக்குப் போனாலும் கேப்பாங்க. எல்லாரும் ஒண்ணும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. கேக்கறவங்களுக்கும் தெரியும்.”

“அப்புறம் எதுக்குக் கேக்கறாங்க?”

“கேக்காம அனுப்புனா மரியாதையா, சார்?”

ஜினேந்திரன் பதிவேட்டைத் திறந்து, தாம் பதினொரு நாளும் எழுதிவைத்த ‘இல்லை’களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அதில் பத்து உண்மை என்பதுதான் அவரைக் குழப்பியது.

“இனிமே எப்படித்தான் கேக்கட்டும்?”

“அறுந்துச்சான்னு கேக்காதீங்க. எத்தினின்னு கேளுங்க. அதுக்கு எங்ககிட்ட பதில் கிடையாது, யோசிச்சிதான் சொல்லணும்.”

ஆல்பின் சுவரிலிருந்து விலகி வந்து, “பெரிம்மா, பத்து நாளா என் உசுரு போயிகினு கீது” என்றான்.

“தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டனா? கூரு கதைய நீ முந்தாநாள்தான சொன்ன. மின்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“கேட்டாத்தான சொல்லுவாங்க!”

“கேட்டேன்ல? கேட்டதும் வந்துட்டன்ல? போடா, ஜல்தியா புடுங்கு அத.”

நாற்பத்தொன்றாம் கம்பியை மட்டும் கழற்றினார்கள். பத்து நிமிட வேலை. ரோசம்மாள் புதுக் கம்பியை இழுத்துக் கல்லைத் தொங்கவிட்டு, அது ஆட்டம் நிற்கும்வரை கண் எடுக்காமல் பார்த்தார். ஆல்பின் பற்றவைத்தான். பெட்டியை மூடி ஒரு நாள் வாயு ஓட விட்டார்கள். செவ்வாய்க்கிழமை மாலை அழுத்தத்தை ஏற்றினார்கள். ஆயிரத்து நானூறு. ஆயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து எண்ணூறில் நின்றது, அணையவில்லை.

கணினித் திரையில் நூற்று இருபத்தெட்டுச் சின்னக் கட்டங்கள். நொடிக்கு இருபது தடவைக்கும் மேலாக அங்கொன்றும் இங்கொன்றுமாக மின்னின. ரோசம்மாள் நாற்பத்தொன்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அது மற்றதைவிட அதிகமாகவும் மின்னவில்லை, குறைவாகவும் மின்னவில்லை.

“இவ்ளோ பேயுதா?” என்றார்.

“எப்பவும் பேயுதுங்க. நாமதான் இப்ப பாக்கறோம்” என்றார் ஜினேந்திரன். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடுகிற மனிதர் அன்று அந்த நேரத்தைக் கோட்டைவிட்டார். விளக்கு வைத்த பிறகு உண்ணும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரு மியூவானுக்காக ஒரு வேளை பட்டினி. லாபம்தான் என்று சொல்லிக்கொண்டார்.

வேலை போகும் என்று ரோசம்மாள் நினைத்திருந்தார். போகவில்லை. வெள்ளிக்கிழமை பெட்டி பஞ்சுப் பொதியில் கிளம்பிப் போயிற்று. அடுத்த மாதம் இன்னொரு பெட்டி ஆரம்பிக்கப்போவதாகவும் அவரே வர வேண்டும் என்றும் ஜினேந்திரன் சொல்லிவிட்டார். சுவரில் இருந்த விதிகளைத் தமிழில் எழுதிப் புதிதாக ஒட்டினார்கள். அதில் முதல் விதி யாரை நினைத்து எழுதப்பட்டது என்று எல்லோருக்கும் தெரியும்.

கழற்றிய நாற்பத்தொன்றாம் கம்பியை மட்டும் பேராசிரியர் குப்பையில் போடவில்லை. முடிச்சு நடுவில் வரும்படி ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி நுண்நோக்கியின் கீழ் வைத்தார். டங்ஸ்டனில் முடிச்சு விழாது என்று வருடா வருடம் கேட்டுவந்த மாணவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஆல்பின் அதைப் படம் பிடித்து, பெரியம்மாவைக் கௌரவிப்பதாக எண்ணிக்கொண்டு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். மத்தியானத்துக்குள் கொசப்பாளையம் முழுக்கப் பார்த்துவிட்டது. யாருக்கும் தெரியாததால் பெயர் பெற்ற முடிச்சு, கூரை விட்டம் அளவுக்குப் பெரிதாகி எல்லோருடைய கையிலும் இருந்தது.

மாலையில் லோகநாதன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நடையிலேயே சந்தோஷம் தெரிந்தது. கூடவே நாலு பேர்.

“இன்னா ரோசம்மா! மாட்டிகினியாமே?”

“உக்காருங்க, ண்ணா.”

“உக்காற வரல. ஊரக் கூட்டி காட்றேன்னு சொன்னனா இல்லியா? இதோ கீது பாரு உன் முடிச்சு. ரெண்டு வாலு. எருமக் கண்ணுக்குட்டிக்கு மாதிரி.”

“நீங்களா கண்டுபுடிச்சீங்க?”

“யார் கண்டுபுடிச்சா இன்னா?”

“இன்னாவா? ஆயிரத்து நானூறு வோல்ட்டு கரண்டு வுட்டுத் தேடனாங்க. எந்தப் பதினாறுல கீதுன்னு வரைக்கும்தான் கரண்டுக்கே தெரிஞ்சிது. படிச்சவங்க பத்து நாளு கண்ணாடி வெச்சிப் பாத்தாங்க. எந்த இழை, எந்த எடம்னு நான் வெரல் வெச்சி காட்டனப்பறம்தான் தெரிஞ்சிது. உங்க மூக்குக் கண்ணாடிக்கு மாட்லியே?”

கூட வந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். லோகநாதன் போனைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, படத்தை இரண்டு விரலால் இன்னும் பெரிதாக்கிப் பார்த்தார். தொழில் தெரிந்தவர் அல்லவா, முகத்தில் இருந்த குறும்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

“இது கம்பியா? நெஜமாவே கம்பியிலயா போட்ட?” என்றார்.

“கம்பிதான்.”

“பட்டு மாதிரி சுத்தியிருக்க.”

ரோசம்மாள் போனை வாங்கி, கையை நீட்டிப் பிடித்து, தம் முடிச்சை வாழ்க்கையில் முதல்முறையாகத் தாமே பார்த்தார். இடது பக்கத்து வால் வலது வாலைவிட ஒரு மயிரிழை நீளமாக இருந்தது. முகம் சுளித்தார்.

“ஆல்பின் வர்றதுக்குள்ள ஜல்தில போட்டது, ண்ணா” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். “நிதானமா போட்டிருந்தா கரண்டுக்கும் தெரிஞ்சிருக்காது.”